டொக்டர் கிறீனின் பின்னால் நடந்தவர்கள்

எங்கள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, வைத்தியத் துறையில் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஒரு பெண் வைத்தியராக இருந்தால் நல்லது என்று மெல்லச் சொல்லியும் வைத்தார்கள். நாங்கள் எழுத எடுத்துக்கொண்டவரோ ஆண். அவர் தமிழரும் அல்லர், கொழும்பில் வாழ்ந்தவரும் அல்லர். இறந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மலர்க்குழுத் தலைவி, எங்களுக்கு மூன்று வகுப்பு மூத்த அக்கா, தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி எழுதுங்கோ என்றார். அவருக்கு முதலில் நன்றி.

எழுதுவது ஒருவர்தான். ஆனாலும் எங்கள் ஆண்டில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் ஒன்றாக மருத்துவபீடத்துக்குப் பஸ் ஏறிய எல்லோருக்குமாக இதை எழுதுவதால், நாங்கள் என்றே எழுதுகிறோம்.

டொக்டர் கிறீனின் கதையைத் தொடங்குமுன் எங்கள் கதையில் ஒரு துளி சொல்ல வேண்டும். கல்லூரியில் நாங்கள் உயிரியலைத் தமிழில் படித்தவர்கள். சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி, ஒளித்தொகுப்பு என்று தமிழிலேயே மனனம் செய்து, தமிழிலேயே எழுதிச் சித்தியடைந்தோம். மருத்துவபீடத்தில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலமாயிற்று. இரண்டு வருடம் அகராதியும் கையுமாக அலைந்து, ஒருவாறு தேறி, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது மூன்றாவது மொழியும் வந்து சேர்ந்தது. நோயாளிகள் பெரும்பாலும் சிங்களத்தில் பேசினார்கள். விசேட வைத்திய நிபுணர் முன்னே போவார். அவருக்குப் பின்னால் இளம் வைத்தியர்கள், அவர்களுக்குப் பின்னால் மிஸ்ஸிமார், கடைசி வரிசையில் நாங்கள். முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் வைத்தியம் படித்தோம். உயரம் குறைந்தவர்கள் கட்டிலின் கால்மாட்டுக்கு முந்திப்போய் இடம் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்த நாள்களில், பெயர் சொல்லாத ஒரு வைத்தியசாலையில், ஒரு வயோதிபத் தமிழ் அம்மாவிடம் விபரம் கேட்டு எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. வாட்டில் தமிழ் தெரிந்தவர்கள் அன்று நாங்கள் மட்டுமே. அவர் நெஞ்சு அடைக்கிறது என்றார். அடைக்கிறது என்றால் மூச்சு அடைக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டு, மூச்சுத் திணறல் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த எழுத்தின்படியே எல்லாம் நடந்தது. பிறகு சுற்றிவந்த நிபுணர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், எங்கே என்று கையால் காட்டச் சொல்லும்படி எங்களிடம் சொன்னார். அம்மா விரல்களை மடக்கி, பொத்திய கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக் காட்டினார். மாரடைப்பு நோவை மனிதர்கள் உலகமெங்கும் அப்படித்தான் காட்டுகிறார்கள். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அம்மா அன்று தப்பினார். நிபுணர் எங்களை ஏசவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் இத்தனை வருடம் மனதில் தங்கியிருக்குமோ தெரியாது.

தமிழ் தெரிந்தும் தமிழைக் கேட்கத் தெரியாமல் போன அந்த வெட்கத்தோடு இருந்த காலத்தில்தான் டொக்டர் கிறீனைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தாரைக் கிறிஸ்தவர்களாக்கப் பாடுபட்டார். மற்றவர் அந்த முயற்சிக்கு எதிராகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். இருவரும் தமிழ் உரைநடையையும் அச்சு இயந்திரத்தையும் ஆயுதமாக எடுத்தவர்கள். கிறீனுடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும், அந்த மாநகரை இன்றைய வடிவில் ஒன்றிணைத்தவராகவும் பெயர் பெற்றவர். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை நியூயோர்க்குக்கு உழைத்தது, ஒரு பிள்ளை மானிப்பாய்க்கு உழைத்தது.

கிறீன் வைத்தியம் படித்த காலத்தில் அமெரிக்காவில் வைத்தியப் படிப்பின் பெரும் பகுதி ஒரு வைத்தியரோடு கூடத் திரிவதுதான். மாணவன் ஒரு வைத்தியரிடம் மூன்று வருடம் அண்டி நிற்பான். மருந்து இடிப்பான், குதிரை வண்டியில் கூடப் போவான், கட்டுப் போடுவான். இடையில் கல்லூரியில் இரண்டு பருவம் விரிவுரை கேட்டுப் பட்டம் வாங்குவான். கிறீன் நியூயோர்க் கல்லூரியொன்றில் 1845இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடம், 1846 ஒக்ரோபரில், பொஸ்ரன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கி, பலர் முன்னிலையில் நோவில்லாமல் சத்திர சிகிச்சை செய்து காட்டினார்கள். அதே பொஸ்ரனிலிருந்து 1847 ஏப்ரலில் கிறீன் கப்பல் ஏறினார். கிருமிகளைப் பற்றி உலகம் அறிவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. எங்களைப் போன்றவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரை மதிப்பிட வேண்டும். இன்று மூன்றாம் வருட மாணவிக்குத் தெரிந்த பல விடயங்கள் அவருக்குத் தெரியாது.

1847 ஒக்ரோபரில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிசன் அங்கே 1816 முதல் வேரூன்றியிருந்தது. வட்டுக்கோட்டையில் செமினரி நடந்தது. உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் நடந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் தொடங்கிய பாடசாலை அது. எங்கள் கல்லூரி போன்ற ஒவ்வொன்றுக்கும் அது ஒரு வகையில் பெரியம்மா முறை. வைத்தியத்திலும் கிறீன் முதலாமவர் அல்லர். ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் நேதன் வோட் இருந்தார். கிறீனும் முதலில் வட்டுக்கோட்டைக்கு வந்து, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே மருந்துச்சாலையைத் திறந்த அதே வருடத்தில் மூன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

இந்தத் திகதியை ஒரு தரம் நின்று பார்க்கலாம். கொழும்பில் வைத்தியப் பாடசாலை திறந்தது 1870இல். அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்பே, பனைவளவுகளுக்கு நடுவே, மேலைத்தேய வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார்கள் மானிப்பாய்ப் பிள்ளைகள்.

படித்த முறை எங்களுக்கு அந்நியமானது அல்ல. கிறீனோடு சேர்ந்து பாட நூலை வாசித்தார்கள். வாசித்ததை மருந்துச்சாலையில் வந்து நின்ற நோயாளியின் உடம்பில் பார்த்தார்கள். மருந்து கலந்தார்கள், புண் கழுவிக் கட்டினார்கள், அவர் சத்திர சிகிச்சை செய்கையில் அருகில் நின்று கைகொடுத்தார்கள், வீடுகளுக்கு அழைப்பு வந்தால் கூடவே போனார்கள். எக்ஸ்ரே இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. வாயில் வைத்துப் பார்க்கும் சிறிய வெப்பமானிகூட 1860களின் பிற்பகுதியில்தான் இங்கிலாந்திலேயே புழக்கத்துக்கு வந்தது. ஸ்டெதஸ்கோப் ஒரு மரக் குழாய். வைத்தியரின் கண், காது, விரல் நுனி, இவற்றோடு நோயாளி சொல்லும் சொல், அவ்வளவுதான் கருவிகள். அவற்றைப் பாவிக்கும் விதத்தைப் புத்தகம் சொல்லித் தராது. ஒருவர் செய்வதைப் பார்த்து, செய்து, பிழைவிட்டு, திருத்தப்பட்டுத்தான் வரும். கல்லீரல் வீங்கியிருப்பதை விரல் நுனியால் உணர எங்களுக்கு எத்தனை வயிறுகள் தேவைப்பட்டன என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஊருக்கும் இந்த முறை புதிதல்ல. பரியாரியாரின் மகனோ மருமகனோ அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, நாடி பிடிக்கும் விரலைப் பார்த்து, மூலிகை பிடுங்கி, ஏட்டைப் பிரதி பண்ணி வைத்தியரானான். வித்தியாசம் ஒன்று இருந்தது. பரியாரியார் தம் கைமருந்தைக் குடும்பத்துக்கு வெளியே விடமாட்டார். கிறீன் தமக்குத் தெரிந்ததை எல்லாம் அச்சிட்டு ஊருக்குக் கொடுத்துவிட நினைத்தார். பரியாரிமாரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் அறிந்தவற்றுள் மதிக்கத் தக்கவை இருந்தன என்று நாங்கள் நினைக்கிறோம். மருந்துக்கு வந்தவர்கள் வேத வாசிப்பையும் கேட்டுத்தான் போனார்கள் என்பதும் உண்மை. அவர் மதம் பரப்ப வந்தவர். அதை ஒருநாளும் மறைத்தவர் அல்லர்.

அவருடைய மாணவர்களின் பெயர்களைப் பார்த்தால் எல்லோரும் அமெரிக்கர் என்று நினைக்கத் தோன்றும். டான்போத், சப்மன், போல் என்று வரும். அமெரிக்காவில் ஒரு குடும்பம் பணம் அனுப்பி ஒரு பிள்ளையைப் படிப்பித்தால், அந்தக் குடும்பத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது மிசன் விடுதிகளின் வழக்கம். எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே. சுவாமிநாதன் போன்ற சிலருக்கு மட்டும் சொந்தப் பெயர் மிஞ்சியது.

முதல் பத்து வருடம் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். படித்து முடித்ததும் ஊரில் நிற்கவில்லை. ஆங்கிலமும் வைத்தியமும் தெரிந்த ஒருவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. மானிப்பாயில் ஒரு ஏழையின் புண்ணைக் கழுவி என்ன கிடைக்கும்? தாம் ஊருக்கென்று பயிற்றிய வைத்தியர்கள் ஒவ்வொருவராக வெளியே போவதைக் கிறீன் பார்த்தார். கனடாவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் வைத்தியத் தோழிகளே, இது உங்களைக் குத்திக் காட்டுவதற்காக எழுதியதல்ல. எங்களில் பலர் ஏன் போனோம் என்பது எங்களுக்குத் தெரியும். 1983ஐக் கடந்து வந்த வீடுகள் எங்கள் வீடுகள். ஆனால் கிறீனுக்கு அந்தக் கேள்வி அன்றே வந்துவிட்டது.

அவர் கண்டுபிடித்த விடைதான் அவரை மற்றெல்லா மிசனரி வைத்தியர்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் படித்தவன் தமிழரோடுதான் இருப்பான் என்று அவர் கணக்குப் போட்டார். முழு வைத்தியக் கல்வியையும் தமிழில் நடத்தத் தீர்மானித்தார்.

சொல்வது எளிது. ஆங்கில வைத்தியத்துக்குத் தமிழில் நூலும் இல்லை, சொல்லும் இல்லை. 1850களிலேயே தொடங்கிவிட்டார். கட்டர் என்பவரின் உடற்கூற்று, உடற்றொழில், சுகாதார நூலைத் தமிழாக்கி அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்று பெயரிட்டார். மோன்செல் எழுதிய பேற்று மருத்துவ நூல் 1857இல் பிரசவ வைத்தியம் ஆயிற்று. அந்த வருடமே உடல்நலம் குன்றி, பத்து வருடம் ஓய்வில்லாமல் உழைத்த மனிதர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். போனவர் திரும்பி வரமாட்டார் என்று பலரும் நினைத்திருக்கக்கூடும். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்ணை மணம் முடித்துக்கொண்டு மானிப்பாய்க்கே வந்து சேர்ந்தார். 1864இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு வந்த நூல்கள் இவை: ட்ருயிற்றின் சத்திர சிகிச்சை நூல் இரண வைத்தியம் என்று 1867இல் வந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி மாறி மாறிப் படித்த கிரேயின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்று 1872இல் வந்தது. ஹூப்பரின் வைத்தியக் கைநூல் வைத்தியாகரம் ஆயிற்று. இரசாயனம் கெமிஸ்தம் என்ற பெயரில் 1875இலும், டால்ற்றனின் உடற்றொழிலியல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883இலும் வந்தன. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இவற்றைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. டான்போத்தும் சப்மனும் போலும் சுவாமிநாதனும் மொழிபெயர்ப்பில் பங்கெடுத்தார்கள். ஆசிரியருக்குப் பின்னால் நடந்தவர்கள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். கிறீன் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார்.

கலைச்சொல்லுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. தமிழில் இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி எழுது. கெமிஸ்ரி கெமிஸ்தம் ஆனது அந்த மூன்றாவது வழியால்தான். இன்று அவருடைய சொற்களில் பல வழக்கில் இல்லை. அங்காதிபாதம் என்ற இடத்தில் நாங்கள் உடற்கூற்றியல் என்கிறோம், இரண வைத்தியம் சத்திர சிகிச்சையாகிவிட்டது, கெமிஸ்தம் இரசாயனவியலாகிவிட்டது. எங்கள் காதுக்கு அங்காதிபாதம் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. புலவர்கள் பாதாதிகேசம் பாடுவார்களே, அந்த வாசம் அதில் வீசுகிறது. கல்லூரியில் எங்கள் உயிரியல் ரீச்சர் கரும்பலகையில் எழுதிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அன்று நாங்கள் யோசித்ததே இல்லை. அவற்றுக்கு முன்னால் ஒரு தலைமுறைச் சொற்கள் பிறந்து, உழைத்து, ஓய்ந்திருக்கின்றன.

உடை விடயத்தில் அவர் இன்னும் பிடிவாதக்காரர். தம்மிடம் படித்தவர்கள் தொப்பியும் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு பாதித் துரைகளாகத் திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழர் தமிழராக உடுத்து, தமிழராகச் சாப்பிட்டு, தமிழர் வீட்டுத் திண்ணையில் கூச்சமில்லாமல் உட்காரும் வைத்தியர்களாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். இதை வாசித்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஒரு வெள்ளைக்காரர் காற்சட்டை போட்டுக்கொண்டு, மற்றவர்கள் காற்சட்டை போடக்கூடாது என்று சொல்வது என்ன நியாயம் என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய கேள்வி சரிதான். பிள்ளைகளுக்கும் காற்சட்டை வெறும் உடுப்பல்ல. சாதி பார்த்துத் திண்ணைக்கும் முற்றத்துக்கும் ஆளைப் பிரித்த ஊரில் அது ஒரு கவசம். ஆனால் கிறீன் எதைப் பார்த்துப் பயந்தார் என்பதும் எங்களுக்கு விளங்குகிறது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் நோயாளிகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

1866இல் யாழ்ப்பாணத்தில் கொலரா பரவியது. அந்த நோய் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை இலண்டனில் ஜோன் ஸ்னோ காட்டிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சேலைன் ஏற்றும் வசதியும் இல்லை. கிறீனும் அவர் பயிற்றிய வைத்தியர்களும் ஊரூராக இறங்கினார்கள். தமிழில் பயின்றவர்களின் உண்மையான சோதனை அப்போதுதான் நடந்தது என்று நாங்கள் கருதுகிறோம். கொலரா வந்த வீட்டில் நோயாளியின் தாயோடு, அவளுக்குப் புரியும் சொல்லில், எதைக் கொடு, எதைக் கொடுக்காதே, எங்கே கொட்டு, எந்தக் கிணற்றில் அள்ளாதே என்று சொல்வதுதான் வைத்தியத்தின் முக்கால் பங்கு. 2020இல் பிபிஈ உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டு, வயோதிபர்களுக்குக் கையால் சைகை காட்டிய எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கிறீன் பயிற்றிய வைத்தியர்கள் மொத்தம் அறுபதுக்கு மேல். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். அந்த அறுபது பேரில் ஒரு பெண்ணும் இல்லை.

மலர்க்குழுத் தலைவிக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. உடுவிலில் பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மானிப்பாய்க்கு அது வெகு தூரமும் அல்ல. பிரசவ வைத்தியம் என்ற நூல் 1857இல் அச்சில் இருந்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் ஆண்கள். பிள்ளை பிறந்த அறைக்குள் போகக் கூடியவர்களோ மருத்துவிச்சிமார், எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். நூல் ஒரு பக்கம், அறை ஒரு பக்கம். நடுவில் கதவு. அந்தக் கதவில் எத்தனை தாய்மார் இறந்திருப்பார்கள். மகப்பேற்று வாட்டில் வேலை செய்யும் எங்களில் ஒருத்தி இதை முதலில் சொன்னபோது எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். கிறீன் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அவருடைய காலத்தில் திறந்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவிலேயே முதலாவது பெண், எலிசபெத் பிளக்வெல், வைத்தியப் பட்டம் பெற்றது 1849இல்தான், கிறீன் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கி அடுத்த வருடம். கொழும்பு வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1892இல். அங்கே படித்துத் தேறிய முதல் இலங்கைப் பெண்ணான அலிஸ் டி போயர் 1899இல் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்தில் இணுவிலில் பெண்களுக்கென்று வைத்தியசாலை 1898இல் எழுந்தது. கிறீன் அதற்கெல்லாம் முன்பே இறந்துவிட்டார்.

1873இல், உடல் இனித் தாங்காது என்ற நிலையில், அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் திரும்பினார். இந்தப் பயணத்துக்குப் பிறகு மானிப்பாயை அவர் பார்க்கவேயில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. மாணவர்கள் இங்கே மொழிபெயர்த்ததை அங்கே இருந்து திருத்தினார். கையெழுத்துப் பிரதி கப்பலில் போய், கப்பலில் திரும்பி வந்தது. மனுஷ சுகரணம் அச்சான 1883இல் அவர் மானிப்பாயை விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் தமிழ் பேச ஒருவரும் இல்லாத ஊரில், பனிக்காலத்தில், அறைக்குள் உட்கார்ந்து தமிழ் உடற்றொழிலியலின் பிழை திருத்திக்கொண்டிருந்த அந்த மனிதரை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் பனி கொட்டும்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தோழிகளுக்கு அந்த மனநிலை புரியும்.

1884 மே 28ஆம் திகதி, அறுபத்தொரு வயதில், பிறந்த அதே கிறீன் ஹில்லில் இறந்தார்.

தமிழ் வைத்தியப் படிப்பு அவருக்குப் பின் அதிக காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் திறந்த அரசாங்க வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் சம்பளமும் அந்த வழியால்தான் வந்தன. தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்ற கணக்குச் சரி, ஆனால் அவனை ஊரில் வைத்துக் காப்பாற்றுவது யார் என்ற கணக்கைக் கிறீனால் தனித்து முடிக்க முடியவில்லை. எங்கள் கொழும்பு வாட்டுகளில் மாணவர்கள் வைத்தியருக்குப் பின்னால் நடந்து கற்கும் வழக்கம் அந்த 1870இலிருந்து தொடர்கிறது. அமெரிக்காவிலும் கட்டிலருகே மாணவர்களை நிறுத்திப் படிப்பிக்கும் முறையை 1890களில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் நிலைநாட்டியதற்காக வில்லியம் ஒஸ்லரைக் கொண்டாடுகிறார்கள். அது நியாயமானதே. மானிப்பாயில் அதைச் செய்தவரை அங்கே யாரும் பெரிதாக அறியார்.

மானிப்பாயில் அவருடைய பெயர் இருக்கிறது. அவருடைய மருந்துச்சாலையின் வழிவந்த வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையாக நிற்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதினார். பிற்காலத்தில் மருத்துவத் தமிழ் முன்னோடி என்றும் ஒரு நூல் எழுதினார். கிறீனைத் தமிழர் மறக்காமல் இருப்பதற்கு அம்பி ஐயாவே பெருங் காரணம். எங்களுக்கும் முதலில் கையில் கிடைத்தது அவருடைய எழுத்துத்தான், வெள்ளவத்தையில் ஒரு மாமாவின் புத்தக அலுமாரியிலிருந்து, அட்டை கிழிந்த நிலையில்.

இப்போது எங்களுக்குப் பின்னால் மாணவிகள் நடக்கிறார்கள். காலையில் வாட்டில் இறங்கினால் ஏழெட்டுப் பேர். தமிழ் நோயாளி வந்தால், தமிழ் தெரிந்த மாணவியை முன்னுக்கு வரச் சொல்லி, அவர் சொன்னதை முதலில் அவர் சொன்ன சொல்லிலேயே, தமிழ் எழுத்திலேயே குறிப்பேட்டில் எழுது, அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்று என்கிறோம். சிங்கள நோயாளிக்கும் அப்படியே. மாணவிகளுக்கு இது மேலதிக வேலை, முகத்தில் தெரிகிறது. அடைக்குது, கரிக்குது, குத்துது, அண்டலிக்குது, விறைக்குது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மலையகத்து அம்மா ஒருவர் சொல்வதும் புத்தளத்து உம்மா ஒருவர் சொல்வதும் வேறாக இருக்கிறது. எந்தச் சொல் எந்த நோவைக் குறிக்கும் என்று மாணவிகளே எழுதிவைத்த குறிப்பேடு இப்போது மூன்றாவது கொப்பியில் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது. அங்கே கற்பிக்கும் தோழிகளிடமும் கேட்டு இதைச் சேர்க்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிறீன் இறக்குமுன் தம் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவைத்தார். பெயர், வருடங்கள், தமிழருக்கு வைத்தியராகவும் ஊழியராகவும் இருந்தவர் என்ற செய்தி, தம் ஆண்டவரைப் பற்றி ஒரு சிறு வரி, அவ்வளவே. பட்டம், பதவி, குடும்பப் பெருமை எதுவும் வேண்டாம் என்றார். அந்தக் கல் மசாச்சுசெற்ஸில், வூஸ்ரரில் இருக்கிறது. பொஸ்ரன் பக்கம் வாழும் பழைய மாணவிகள் யாராவது கோடைகாலத்தில் போய், தமிழர் என்ற சொல் தெரியும்படி ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினால், எங்கள் வாட்டுக் குறிப்பேட்டின் முதல் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிவைப்போம். போகிறவர்கள் ஒரு பூவும் கொண்டுபோங்கள்.